பிராக்கில் விட்டு வந்தவர்

21.01.1999, வியாழன்

பிராக் நகரத்துக்கு வந்துவிட்டோம். மொஸ்கோவில் இருந்து லொறியின் பின்பக்கத்தில், தளபாடப் பெட்டிகளுக்கு நடுவே குந்தியிருந்து வந்ததால் வழியில் ஒன்றையும் பார்க்கவில்லை. இறக்கிவிட்ட இடத்தில் முழங்கால் அளவு பனி கிடந்தது. ஐந்தாம் மாடி, லிப்ட் இல்லை. இரண்டு அறை, ஒரு குசினி. சுவரில் முன்பு தங்கியவர்கள் விட்டுப்போன தமிழ்க் கலண்டர். யன்னல்களுக்குத் தடித்த திரை போட்டிருக்கிறது. அதை விலக்கக்கூடாது என்பதுதான் எங்களுக்குச் சொல்லப்பட்ட முதல் சட்டம்.

நாங்கள் நான்கு பேர். மங்களக்காவும் அவருடைய நாலு வயது மகள் மதுசாவும் பாரிஸ் போகிறார்கள். மங்களக்காவின் கணவர் அங்கே ஒரு உணவுக்கடையில் வேலை செய்கிறார். மகளை அவர் இன்னும் நேரில் கண்டதில்லை. கதிரண்ணை பருத்தித்துறை யாழ்ப்பாணம் பஸ் ஓட்டியவர். ஐம்பதைத் தாண்டிய மனிதர். முழுப்பெயர் கதிர்காமத்தம்பி, ஊர் கரணவாய். எங்கே போகிறீர்கள் என்று கேட்டால், "பஸ் நிக்கிற இடத்திலை இறங்குவம்" என்கிறார். நான் டோர்ட்முண்டுக்குப் போகிறேன். நித்தியானந்தனுக்கும் எனக்கும் பங்குனியில் கல்யாணம்.

எங்களைப் பொறுப்பெடுத்தவர் ஏஜென்சியின் ஆள், மோகன். அது அவருடைய உண்மைப் பெயராக இருக்காது. மரியாதையான மனிதர். பாஸ்போர்ட்டுகளை வாங்கிக்கொண்டு போனார். இரண்டு நாளில் எல்லை கடத்தி ஜெர்மனிக்குள் விட்டுவிடுவாராம்.

பருப்பும் சோறும் சமைத்தேன். அடுப்பு மின்சாரத்தில் வேலை செய்கிறது. கொதிக்க அரை நாள் எடுக்கும்போல.

24.01.1999

இரண்டு நாள் என்பது அடுத்த கிழமை ஆகிவிட்டது. பனி கூடவாம். மோகன் பொய் சொல்கிறவர் இல்லை. பனி உண்மையாகவே கூடத்தான்.

உடுப்புத் தோய்த்து, அறையைச் சூடாக்கும் இரும்புக் குழாய்களின் மேல் காயப்போட்டேன். அறை முழுக்கச் சவர்க்கார மணம். கதிரண்ணை இருமுகிறார். லொறிக் குளிர் என்றார்.

26.01.1999

மதுசா திரையை விலக்கிவிட்டாள். மங்களக்கா அடித்துவிட்டார். பிறகு இரண்டு பேரும் அழுதார்கள், சத்தமில்லாமல். அந்தப் பிள்ளைக்குச் சத்தமில்லாமல் அழத் தெரிந்திருக்கிறது.

28.01.1999, வியாழன்

இன்று நான் பிராக் நகரத்தைப் பார்த்தேன்.

காலையில் மோகன் இரண்டு தொப்பியும் ஒரு கமராவும் கொண்டு வந்தார்.

"கீழ் வீட்டு மனிசி கேக்குது, மேலை இருக்கிறவை ஆர், ஏன் வெளியிலை வாறேல்லை எண்டு. இந்தியாவிலையிருந்து சுத்திப் பாக்க வந்த ரூரிஸ்ட் எண்டு சொல்லிப்போட்டன். அப்ப ரூரிஸ்ட் மாதிரி நடக்கவேணும்தானே. கௌசலாவும் அண்ணையும் போட்டு வாங்கோ. தகப்பனும் மகளும்."

"கமராவுக்குப் பிலிம் இருக்கே?" என்று கேட்டேன்.

"என்னத்துக்கு? கண்ணிலை வைச்சு அமத்துங்கோ. பாக்கிறவனுக்கு என்ன தெரியும்? ஒண்டு மட்டும் மறக்கவேண்டாம். சிரிச்சுக்கொண்டு நடவுங்கோ. ரூரிஸ்ட் எண்டால் சிரிப்பினம்."

அவர் தெருவின் மற்றப் பக்கத்தில் முன்னால் நடந்தார். நாங்கள் சிரித்துக்கொண்டு பின்னால் போனோம். ட்ராம் வண்டி ஒன்று தெருவின் நடுவால் போனது. கதிரண்ணை அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஸ்டியரிங் இல்லாமல் ஓடுறான். உது ஒரு வேலையே?" என்றார்.

வெறுங்கல் வீடுகள் இவ்வளவு வடிவாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. ஒவ்வொரு வாசலுக்கு மேலும் ஏதோ ஒரு முகம், ஒரு சிங்கம், ஒரு பெண். கூரைகளில் பனி. புகைபோக்கிகளில் இருந்து நிலக்கரி நாற்றம். இவர்களுடைய நகரத்தில் ஒருவரும் குண்டு போடவில்லை என்று நினைத்தேன். அது சரியோ தெரியாது. பள்ளிக்கூடத்தில் படித்தது எல்லாம் மறந்துவிட்டது.

பெரிய சதுக்கம் ஒன்றில், ஒரு கோபுரத்தின் அடியில் சனம் கூடி அண்ணாந்து நின்றது. நாங்களும் நின்றோம். பழங்காலத்து மணிக்கூடு. மணி அடிக்கும் நேரம் மேலே இரண்டு சின்னக் கதவுகள் திறந்து பொம்மைச் சாமிமார் ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பக்கத்தில் ஒரு எலும்புக்கூடு கயிற்றை இழுத்து மணி அடித்தது. எல்லாரும் சிரித்துப் படம் எடுத்தார்கள். நானும் பிலிம் இல்லாத கமராவை அமத்தினேன்.

"உவர்தான் கொண்டக்டர்," என்றார் கதிரண்ணை. "அவர் மணி அடிச்சா இறங்கத்தான் வேணும்."

நான் உண்மையாகவே சிரித்துவிட்டேன். மொஸ்கோவை விட்ட பிறகு அதுதான் முதல் தடவை.

பிறகு ஆற்றுப் பாலம். இரண்டு பக்கமும் கற்சிலைகள், எல்லாருடைய தலையிலும் பனி. ஆற்றில் அன்னங்கள் மிதந்தன. மறுகரையில், மலைக்கு மேல் அரண்மனை. ஒரு சிலையின் அடியில் பித்தளைத் தகடு ஒன்று, சனம் தொட்டுத் தொட்டு ஓரிடம் மட்டும் பொன்னாக மினுங்கியது. தொட்டால் நல்லது நடக்குமாம். நான் தொட்டேன். கதிரண்ணை கைகளைக் கோட்டுப் பையை விட்டு எடுக்கவில்லை.

திரும்பி வரும்போது படிகளில் மூன்று தரம் நின்று மூச்செடுத்தார்.

30.01.1999

இருமல். மங்களக்கா கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார். மோகன் வரவில்லை. பாண் முடிந்தது.

02.02.1999, செவ்வாய்

மோகன் திரும்பவும் வெளியே அனுப்பினார். கதிரண்ணைக்கு முடியாது என்று சொன்னேன். அவரே, "இல்லைப் பிள்ளை, இஞ்சை கிடந்தால் இன்னும் இறுகும்" என்று வெளிக்கிட்டார்.

வெளியில் நிற்க முடியாத குளிர். மோகன் எங்களுக்கு ரிக்கெற் வாங்கித் தந்து, ஒரு பழைய யூதக் கோயிலுக்குள் அனுப்பினார். உள்ளே சூடாக இருக்கும் என்றார். உள்ளே சாமியும் இல்லை, படமும் இல்லை. சுவர் முழுக்கப் பெயர்கள். நிலத்தில் இருந்து கூரை வளைவு வரை, சிவப்பிலும் கறுப்பிலும், கையால் எழுதிய சின்னச் சின்னப் பெயர்கள். ஒரு அறை முடிந்தால் அடுத்த அறையிலும் அதேதான். போர்க்காலத்தில் கொண்டுபோய்க் கொல்லப்பட்ட இந்த நாட்டு யூதர்களாம்.

நான் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தேன். கதிரண்ணை நின்ற இடத்திலேயே நின்றார். அந்த எழுத்து அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, பேருக்குப் பக்கத்திலை திகதி ரண்டு கிடக்கு. ஒண்டு பிறந்தது. மற்றது செத்ததோ? கேட்டுச் சொல்லும்."

வாசலில் இருந்த பெண்ணிடம் எனக்குத் தெரிந்த இங்கிலிசில் கேட்டேன். பலருடைய செத்த நாள் ஒருவருக்கும் தெரியாதாம். கடைசியாக அவர்களைப் பற்றி எந்த நாளில் தகவல் இருந்ததோ, ரயிலில் ஏற்றிய நாளோ என்னவோ, அதைத்தான் எழுதியிருக்கிறார்களாம்.

கதிரண்ணையிடம் சொன்னேன். "அப்ப இவையளுக்கும் தெரியாது," என்றார்.

மோகன் வெளியில் நின்று கை காட்டியும் அவர் வரவில்லை. நான் போய்க் கோட்டைப் பிடித்து இழுத்துத்தான் கூட்டி வந்தேன். உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று ட்ராமில் கேட்டேன். இரண்டு மகள்மார் வவுனியாவில் மனைவியோடு இருக்கிறார்கள் என்றார். பிறகு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

04.02.1999

பனி. பனி. பனி.

06.02.1999, சனி

கதிரண்ணைக்குக் காய்ச்சல். அவர் இருமித் துடைத்த கைலேஞ்சிகளைத் தோய்த்தேன். வெற்றிலைச் சாறு மாதிரிக் கறை, சுடுதண்ணீருக்கும் போகவில்லை. அவர் வெற்றிலை போடுவதில்லை.

மோகனிடம் டொக்டரைக் கேட்டோம். "டொக்டர் வந்தால் பொலிசும் வரும். மருந்து கொண்டு வாறன்," என்றார். பின்னேரம் இரண்டு போத்தல் பாணி மருந்து கொண்டு வந்தார். ஒன்று கதிரண்ணையின் இருமலுக்கு. மற்றது மதுசாவுக்கு. அவளுக்கு இருமல் இல்லையே என்றேன்.

"காட்டாலை போகேக்கை சின்னன் அழக்கூடாது. வெளிக்கிட முன்னம் ரண்டு மூடி குடுங்கோ. நித்திரையாப் போயிடும்."

மங்களக்கா போத்தலை வாங்கி மணந்து பார்த்துவிட்டு அலுமாரியின் மேல்தட்டில் வைத்தார்.

08.02.1999, திங்கள்

புதன்கிழமை வெளிக்கிடுகிறோம். மோகன் வந்து சொன்னார். நாங்கள் மூன்று பேரும். கதிரண்ணை அடுத்த குழுவோடு.

மோகன் குசினியில் வைத்து மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் வீடு சின்னது. கதிரண்ணை அறைக்குள் இருந்து கூப்பிட்டார்.

"என்ன ரகசியம்? தம்பி சொல்லுறது சரிதானே. நான் இருமினால் காடே முழிக்கும். எனக்காக உந்தக் குஞ்சும் பிடிபடவேணுமே?"

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஏற்பாடு செய்யிறன் அண்ணை. இவை போன கையோடை ஆள் வரும்," என்றார் மோகன்.

மங்களக்கா மதுசாவின் உடுப்புகளை மடிக்கத் தொடங்கினார். நான் என்ன பேசுவது? ஆஸ்பத்திரிதான் அவருக்கு நல்லது. காட்டுக்குள் வந்து என்ன செய்வார்? எல்லாருக்கும் நல்ல முடிவு.

எனக்குப் பசிக்கவில்லை. பாணைத் தேத்தண்ணீரில் தோய்த்துச் சாப்பிட்டேன்.

10.02.1999, புதன்

எல்லைக்குக் கிட்ட, யாருடையதோ கார்க் கொட்டகை. இருட்டினவுடன் நடக்க வேண்டும். அதுவரை எழுதுகிறேன்.

காலையில் கதிரண்ணை கொஞ்சம் சுகமாகத்தான் இருந்தார். கண்ணைத் திறந்து பார்த்தார். சோற்றுச் சட்டியையும் தண்ணீர்ப் போத்தலையும் அவருடைய கைக்கெட்டும் தூரத்தில் வைத்தேன். போத்தல் மூடியைத் திறந்தே வைத்தேன், அவருக்குத் திருகுவது கஷ்டம். மேலதிகப் போர்வை போட்டேன். மதுசா போய், "மாமா, டாட்டா" என்றாள். அவர் அவளுடைய தலையில் கை வைத்தார். கை சுட்டது என்று அவள் படிகளில் இறங்கும்போது சொன்னாள்.

"போட்டு வாங்கோ. போன உடனை அடியுங்கோ," என்றார் என்னிடம். எந்த நம்பருக்கு அடிப்பது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மோகன் கடைசியாக வந்து கதவைச் சாத்தினார். பழைய கதவு. சாத்தினால் இரண்டு தரம் சத்தம் வரும்.

இந்நேரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்பார்கள்.

13.02.1999, சனி

பிடிபட்டோம்.

காட்டுக்குள் வழிகாட்டின செக் நாட்டுக்காரன் ஒரு ஓடையைக் காட்டி, அதைக் கடந்தால் ஜெர்மனி என்று கையால் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டான். ஓடையைக் கடந்தோம். தண்ணீர் இடுப்பு மட்டும். மங்களக்கா மதுசாவைத் தோளில் கட்டியிருந்தார். மறுகரையில் ஏறி ஒரு வயலுக்குள் நடந்தபோது நாய்கள் குரைத்தன. பிறகு வெளிச்சம். ஓடுவதற்குக் காலில் உணர்ச்சி இருக்கவில்லை.

ஜெர்மன் பொலிஸ் எங்களுக்குப் போர்வையும் சூப்பும் தந்தார்கள். மதுசா கண் திறக்கவில்லை. மங்களக்கா அவளைக் குலுக்கிக் குலுக்கிக் கூப்பிட்டார். கன்னத்தில் அடித்தார். சத்தம் போடாதே என்று இத்தனை நாளும் சொன்ன வாயால், "கத்தடி, கத்தடி என்ரை ராசாத்தி, பெலத்துக் கத்து" என்று குளறினார். விடிந்த பிறகுதான் பிள்ளை முழித்து வாந்தி எடுத்தாள். மங்களக்கா மிச்ச மருந்துப் போத்தலைச் சுவரில் எறிந்து உடைத்தார்.

அன்றைக்கே எங்களைத் திரும்ப இந்தப் பக்கத்துப் பொலிசிடம் கொடுத்துவிட்டார்கள். இப்போது ஒரு தடுப்பு முகாமில் இருக்கிறோம். அறை சூடாக இருக்கிறது. இந்தக் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பத் தந்தார்கள். வாசிக்க ஆள் இல்லை.

மோகன் முதலே சொல்லித் தந்ததுதான். பிடிபட்டால் ஒருவரையும் தெரியாது, வீடு தெரியாது, லொறியில் வந்து லொறியில் இறங்கினோம். கொஞ்ச நாளில் விட்டுவிடுவார்கள். ஏஜென்சி திரும்ப எடுத்து இன்னொரு தரம் முயற்சி செய்யும். வாயைத் திறந்தால் சாட்சிக்கு இந்த நாட்டிலேயே மறித்துவிடுவார்கள், ஏஜென்சியும் கைவிட்டுவிடும்.

14.02.1999

இன்று சிவராத்திரி என்று மங்களக்கா சொல்கிறார். இரண்டு பேரும் முகம் கழுவிவிட்டு யன்னலைப் பார்த்துக் கும்பிட்டோம்.

24.02.1999, புதன்

இன்று எங்களை விசாரித்தார்கள். மொழிபெயர்க்க ஒரு செக் நாட்டுப் பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். கண்ணாடி, சடை பின்னிய செம்பட்டைத் தலை. எழுந்து நின்று கை கூப்பினாள்.

"வணக்கம். என் பெயர் யானா. தாங்கள் நலமாக இருக்கின்றீர்களா? உணவு போதுமான அளவு கிடைக்கின்றதா?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பல்கலைக்கழகத்தில் புத்தகத்தைப் பார்த்துத் தமிழ் படித்தவளாம். மேடையில் பேசுகிற மாதிரிப் பேசுகிறாள். நான் சொல்வது பாதிக்கு மேல் அவளுக்கு விளங்கவில்லை. "பொறுத்தருள்க, மீண்டும் கூறுங்கள்" என்கிறாள்.

பொலிஸ்காரர் மேசையில் ஒரு படத்தை வைத்தார்.

"இம்மனிதரைத் தாங்கள் அறிவீர்களா?" என்று யானா கேட்டாள். அவளுடைய குரல் இறங்கிவிட்டது.

படத்தில் கண் மூடியிருந்தது. தாடி வளர்ந்திருந்தது.

"நகரில் ஒரு வீட்டில் இவர் இறந்து கிடந்தார். கீழ்வீட்டுப் பெண்மணி கூறியபின் காவலர் சென்று கதவை உடைத்தனர். கதவு வெளிப்புறமாகப் பூட்டப்பட்டிருந்தது. நெஞ்சில் சளி கட்டி இறந்தார் என்று மருத்துவர் கூறுகின்றார். அவரிடம் எந்த ஆவணமும் இல்லை. சுவரில் தமிழ் நாட்காட்டி ஒன்று இருந்தது. ஆதலால் என்னை அழைத்தனர்."

தெரியாது என்றேன்.

மங்களக்காவும் தெரியாது என்றார். மதுசாவின் முகத்தைத் தன் நெஞ்சோடு திருப்பி வைத்துக்கொண்டுதான் படத்தைப் பார்த்தார்.

25.02.1999

மங்களக்கா: "செத்த மனிசனுக்கு இனி நாங்கள் என்ன செய்யேலும்? என்ரை பிள்ளை தேப்பனைக் காணவேணும் கௌசலா. நீர் உம்மடை பாட்டைப் பாரும். என்னையும் பிள்ளையையும் இதுக்குள்ளை இழுக்காதேயும்."

அவர் சொல்வதில் பிழை இல்லை.

நேற்று யானா போகும்போது அவளிடம் ஒன்று மட்டும் கேட்டேன், எப்போது செத்தார் என்று. பன்னிரண்டாம் திகதிக்கும் பதினைந்தாம் திகதிக்கும் இடையில், சரியாகச் சொல்ல முடியாது என்று மருத்துவர் எழுதியிருக்கிறாராம். அதையே எழுதிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

26.02.1999, வெள்ளி

யானா திரும்ப வந்தாள். பொலிசுக்காக இல்லை, தானாக வந்தாள். பையில் தோடம்பழங்கள். மதுசாவுக்கு உரித்துக் கொடுத்தாள். போகும்போது என்னிடம் சொன்னாள்: "பெயர் தெரியாவிடில் நகராட்சியே அடக்கம் செய்துவிடும். யாருக்கும் அறிவிக்க இயலாது. அவர் இல்லத்தார் காத்துக்கொண்டே இருப்பர். நான் தங்களை வற்புறுத்தவில்லை."

அவள் வாசல்வரை போய்விட்டாள். நான் கூப்பிட்டேன்.

"ஆறுமுகம் கதிர்காமத்தம்பி," என்றேன். "கரணவாய். பஸ் றைவர்."

அவள் பேனாவை எடுத்து எழுத்துக் கூட்டிக் கேட்டாள். ஒரு எழுத்தும் பிழைக்காமல் எழுதுவித்தேன். பிறகு பொலிஸ்காரர் வந்தார். வீடு, ட்ராம் போகிற தெரு, மோகன், லொறி, எல்லாவற்றையும் சொன்னேன். மங்களக்காவைப் பற்றிக் கேட்டபோது, அவர்களைக் காட்டில்தான் முதல் கண்டேன் என்றேன். யானா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அப்படியே மொழிபெயர்த்தாள்.

கதவு எப்போது பூட்டப்பட்டது என்று கேட்டார்கள். நான் முன்னுக்கு இறங்கிவிட்டேன், கவனிக்கவில்லை என்றேன்.

04.03.1999

நித்தியானந்தன் முகாமுக்கு ரெலிபோன் எடுத்தார்.

"ஏன் வாயைத் திறந்தனீர்? ஏஜென்சிக்காரன் என்னை ஏசுறான். அவன்ரை ஆளைப் பொலிஸ் பிடிச்சிட்டுதாம். இனி உம்மை எடுக்கமாட்டான்."

"அவர் செத்துப்போனார்."

"அதைத்தான் நானும் கேக்கிறன். செத்த ஆளுக்குப் பேர் என்னத்துக்கு?"

பின்னால் ரிவி சத்தம் கேட்டது. யாரோ பெண் செய்தி வாசித்தாள், ஜெர்மன் மொழியில். வீட்டாரோடு கதைத்துவிட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.

09.03.1999, செவ்வாய்

யானா பொறுப்பெடுத்துக் கேட்டதால் என்னைச் சுடலைக்குக் கூட்டிப்போனார்கள். எரிப்பதா புதைப்பதா, தங்கள் மரபு யாது என்று முதலே கேட்டிருந்தாள். எரிக்கச் சொன்னேன்.

பொலிஸ் வான் நகரத்துக்குள்ளால் போனது. பனி உருகித் தெருவெல்லாம் சேறு. பாலத்தில் சனம் நிறைந்து நின்றது. பள்ளிக்கூடப் பிள்ளைகள், குடைகளோடு கிழவர்கள், முத்தமிடுகிற சோடி. எல்லாரும் சிரித்துக்கொண்டு நின்றார்கள். யாரும் சொல்லிக் கொடுத்துச் சிரிக்கிற சிரிப்பு இல்லை. அரண்மனை மலைக்கு மேல் அப்படியே இருந்தது. இந்த நகரம் வடிவு என்று முதல் சுற்றிப் பார்த்த அன்று எழுதியிருக்கிறேன். இன்றும் வடிவுதான். அதற்கு நான் என்ன செய்ய?

சுடலை ஒரு மண்டபம் மாதிரி. வரிசையாகக் கதிரைகள், நானும் யானாவும் ஒரு பொலிஸ்காரரும்தான். பெட்டியை மூடியிருந்தார்கள். வாய்க்கரிசி போட வேண்டும் என்று சொன்னேன். யானா தன் பைக்குள் கொஞ்ச அரிசி கொண்டு வந்திருந்தாள். புத்தகத்தில் படித்தாளாம். பெட்டியின் மேல் போட்டேன். மரத்தில் விழுந்து சிதறியது. ஒரு வேலைக்காரர் பொத்தானை அமத்தினார். திரை மூடியது.

பொலிஸ்காரர் தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு நின்றார். வெளியே வந்ததும் எனக்கு ஒரு சிகரெட் நீட்டினார். வேண்டாம் என்றேன்.

14.03.1999

பங்குனி பிறந்துவிட்டது. உடுப்புத் தோய்த்தேன்.

16.03.1999

மங்களக்காவும் மதுசாவும் போய்விட்டார்கள். விட்டுவிட்டார்கள் என்று காலையில் சொன்னார்கள், ஒரு மணித்தியாலத்தில் வெளிக்கிட்டாகிவிட்டது. வேறு ஏஜென்சி ஒன்று வெளியில் காத்து நிற்கிறதாம். மங்களக்கா என்னைக் கட்டிப்பிடித்து நெடுநேரம் விடவில்லை. நாளைக்கு நான் கதிரண்ணையின் மனைவியோடு பேசப்போவது அவருக்குத் தெரியும்.

"சிவராத்திரி அண்டைக்கு எண்டு சொல்லும் கௌசலா. அந்தக் கணக்குக்குள்ளைதானே வருது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலை, டொக்டர்மார் பக்கத்திலை நிக்க, சிவராத்திரி அண்டைக்கு அமைதியாப் போனவர் எண்டு சொல்லும். அந்த மனிசி அதை நினைச்செண்டாலும் ஆறட்டும்."

நல்ல யோசனைதான். சொல்ல வேண்டியதை எல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.

17.03.1999, புதன்

கொழும்பில் இருக்கிற அண்ணா தேடிப் பிடித்து ஒழுங்கு செய்திருந்தார். வவுனியாவில் ஒரு ரெலிபோன் கடையில் கதிரண்ணையின் மனைவி தவமணியக்கா காத்திருப்பார். யானா தன்னுடைய போனைத் தந்துவிட்டு யன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

"அக்கா, நான் கௌசலா. அல்வாய். அண்ணையோடை ஒண்டா வந்தனான்."

"தெரியும் பிள்ளை. உம்மடை கொண்ணன் வந்து சொன்னவர்." குரல் தெளிவாக இருந்தது. அழுது முடித்த குரல். "எண்டைக்கு?"

"என்ன அக்கா?"

"எண்டைக்குப் பிள்ளை அவர் செத்தவர்? திதி பாக்கவேணும். ஐயர் கேக்கிறார்."

தாள் மடியில் இருந்தது. சிவராத்திரி என்று எழுதியிருந்தது. வாயைத் திறந்தேன்.

"தெரியாது அக்கா," என்றேன். "நாங்கள் அவரைத் தனிய விட்டுட்டு வந்தனாங்கள். ஆஸ்பத்திரிக்கு ஒருத்தரும் கொண்டுபோகேல்லை. நல்ல காய்ச்சல். எழும்பேலாமல் கிடந்தவர். கதவை வெளியாலை பூட்டினது எனக்குக் கேட்டது. நான் படியிலை நிண்டனான். கேட்டும் இறங்கி வந்தனான். மாசியிலை, பன்ரண்டுக்கும் பதினைஞ்சுக்கும் இடையிலை எண்டு டொக்டர் சொல்லுறார். எண்டைக்கு எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. பக்கத்திலை ஒருத்தரும் இருக்கேல்லை."

அந்தப் பக்கம் கடையில் யாரோ மிச்சக் காசுக்குச் சண்டை பிடிப்பது கேட்டது. ஒரு மோட்டார் சைக்கிள் போனது. தொடர்பு அறுந்துவிட்டது என்று நினைத்தேன்.

"மாசியோ?" என்றார்.

"ஓம் அக்கா."

"இந்த வருச மாசி."

"ஓம்."

"காணும் பிள்ளை, இவ்வளவு போதும்." அவர் மூச்சு விடுவது கேட்டது. "என்ரை மூத்தவனை ஆமிச் சுத்திவளைப்பிலை கொண்டுபோனவங்கள். இவர் உமக்குச் சொல்லியிருக்கமாட்டார், அவன்ரை கதை எடுத்தால் எழும்பிப் போயிடுவார். ஒருத்தன் கொழும்பிலை கண்டதெண்டான். ஒருத்தன் காலியிலை, நல்லா உடம்பு வைச்சிருக்கிறான் எண்டான். சாத்திரி, வெளிநாட்டிலை இருக்கிறான் எண்டான். எல்லாரும் எனக்கு நல்ல சேதிதான் சொன்னவை பிள்ளை. அவனுக்குத் திதி வைக்க எனக்கு வருசமும் தெரியாது."

யாரோ அவரிடம் நேரம் முடிகிறது என்று சொன்னார்கள்.

"இவருக்கு மாதம் தெரியுது," என்றார். "வைக்கிறன் பிள்ளை."